காருக்கு எண்ணெய் வைத்த ஞாயிறு

என் கணவர் இறந்த சனிக்கிழமை மத்தியானம், காரின் ஏர் ஃபில்டரைக் கழுவி, பால்கனிக் கொடியில் நிழலாகப் பார்த்துத் தொங்கவிட்டிருந்தார். எல்லாக் கார்களிலும் இருக்கிற காகித ஃபில்டர் இல்லை அது. கம்பி வலைக்கு நடுவே மடிப்பு மடிப்பாகப் பருத்தித் துணி வைத்தது. அழுக்கானால் தூக்கிப்போட வேண்டாம். கழுவி, காயவைத்து, அதற்கென்றே விற்கிற சிவப்பு எண்ணெயைத் தடவித் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். டெல்லித் தூசியைப் பிடித்து நிறுத்துவது அந்த எண்ணெய்ப் பிசுக்குதான். "ஆயுசுக்கும் இது ஒண்ணு போதும்" என்று பீற்றிக்கொண்டு வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து என்னை அதைத் தொட விட்டதில்லை.

சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். எனக்குக் கார் ஓட்டத் தெரியும். ஓடிப்போய்ச் சாவியை எடுத்தேன். "வண்டிய எடுக்காத. பில்டர் இல்ல, மண்ணு உள்ள போயிரும்" என்றார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். வேறு எதையாவது சொல்லியிருக்கக் கூடாதா அந்த மனுஷன்? மேல் மாடிக்காரரின் காரில் ஏற்றிக்கொண்டு போனோம். எந்த வண்டியில் வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர்.

நான் அழவில்லை. லோதி ரோடு குவார்ட்டர்ஸில் தெரிந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். ஃப்ளாஸ்க்கில் காபி கொண்டுவந்தார்கள், என் முகத்தைப் பார்த்தார்கள், பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்த நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டு கதறினாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். பல் டாக்டர் ஊசி போட்டு அனுப்பிய கன்னம் மாதிரி இருந்தது எனக்கு. தொட்டால் தொடுகிறது தெரிகிறது, அவ்வளவுதான். இத்தனை வருஷம் கூடவே இருந்தவர் போய்விட்டார், எனக்குள் ஒன்றுமே நடக்கவில்லையே, இப்படியே கல்லாகிவிடுவேனோ என்று பயந்தேன். அந்தப் பயம்கூட வேறு யாருடையதோ போலத்தான் இருந்தது.

கொடியில் தொங்கிய ஃபில்டரை எடுத்து எண்ணெய் போட்டு மாட்டிவிடலாம் என்று ஒருநாள் கையில் எடுத்தேன். நாத்தனார் பதறிவிட்டாள். "எண்ண சமாச்சாரம்லா மைனி. காரியம் முடியட்டும், அதுவர தொட வேண்டாம்." துக்க வீட்டில் காரியம் முடிகிறவரை தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். காருக்கும் அது உண்டா என்று கேட்டிருக்கலாம். கேட்கிற தெம்பு இல்லை. திரும்பக் கொடியில் மாட்டினேன். வீட்டில் எல்லார் தலையும் பரட்டையாக இருந்தது, அதுவும் எங்களோடு சேர்ந்து காய்ந்தது.

காரியம் முடிந்து எல்லாரும் ஊருக்குப் போனார்கள். நான் ஆபீஸ் போக ஆரம்பித்தேன். வேப்பமரத்தடியில் கார் உறைக்குள் நின்றது. குர்கானிலிருந்து வந்த மகள், "மா, கார் சும்மா நின்னா பேக்கார் ஆயிடும், வீணாயிடும். வித்துடலாமா?" என்றாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், அவள் தமிழ் அப்படித்தான் இருக்கும். சரி என்றேன். வேண்டாம் என்று சொல்ல ஆசை வருகிறதா என்று எனக்குள்ளே தேடிப் பார்த்தேன். வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒருவர் ஓட்டிப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அதற்குள் ஃபில்டரைத் தயார் செய்ய வேண்டும். காலையில் பழைய ஹிந்திப் பேப்பரைத் தரையில் விரித்து உட்கார்ந்தேன். இத்தனை நாள் தூசி பட்டிருந்ததால் இன்னொரு முறை கழுவலாமா என்று யோசித்து, தட்டி மட்டும் விட்டேன். எண்ணெய் ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில், கூர் மூக்கோடு இருந்தது. எப்படிப் போடுவது என்று நான் யாரையும் கேட்கவில்லை. எண்ணெய் வைப்பதில் என்ன இருக்கிறது? இத்தனை வருஷம் சனிக்கிழமை தோறும் அவர் தலைக்கு வைத்த கைதானே. உச்சியில் ஊற்றி, காதோரம் வழிய விட்டு, சூடு பறக்கத் தேய்ப்பேன். கண்ணில் இறங்குகிறது என்று கத்துவார்.

அப்படியேதான் வைத்தேன். மடிப்பு மடிப்பாக ஊற்றினேன். துணி குடித்தது. வெளுப்பாகத் தெரிந்த இடத்தில் இன்னும் ஊற்றினேன். விரலால் நீவிவிட்டேன். பாட்டில் காலியாகும்வரை நிறுத்தவில்லை. எல்லா மடிப்பும் செக்கச்செவேலென்று மினுங்கியது, பேப்பரில் சொட்டியது. திருப்தியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். கை வேலை செய்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். கீழே போய் பானெட்டைத் திறந்து, மாட்டி, கிளிப்புகளை அழுத்தினேன்.

வந்தவர் மரியாதையான ஆள். அவர் ஓட்ட, மகள் முன்னால், நான் பின்னால். குவார்ட்டர்ஸைச் சுற்றி வந்தவரைக்கும் நன்றாகத்தான் போனது. மெயின் ரோட்டில் வேகமெடுத்ததும் வண்டி ஒரு உதறு உதறியது. அப்புறம் விக்கலெடுத்தது போல விட்டு விட்டு இழுத்தது. சிக்னலில் பச்சை விழுந்ததும் நின்றேபோனது. பின்னால் ஹார்ன் சத்தம் காதைப் பிளந்தது. ஒரு பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டித் திட்டினார். வந்தவர் எப்படியோ கிளப்பி, உருட்டிக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, "ஆன்ட்டிஜி, இஞ்ஜன் மே தம் நஹீ ஹை" என்றார். இன்ஜினில் தெம்பில்லையாம். அடுத்த மாதம் பார்க்கிறேன் என்று நாகரிகமாகச் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

மகள் அங்கேயே நின்று போனில் தேடினாள். ஒரு வீடியோவை ஓடவிட்டு என்னிடம் நீட்டினாள். அதில் ஒருவர் ஒவ்வொரு மடிப்பிலும் நூல் மாதிரி ஒரே ஒரு கோடு எண்ணெய் விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அது தானாகவே துணியில் பரவுமாம். அதிகம் ஊற்றினால் காற்றோடு எண்ணெய் உள்ளே போய், வரும் காற்றை அளக்கிற சென்சாரில் படிந்து, வண்டி இப்படித்தான் இடக்குப் பண்ணுமாம். அவள் ஃபில்டரை வெளியே எடுத்தாள். எண்ணெய் அவள் மணிக்கட்டு வரை வழிந்தது.

"ரொம்ப ஜாஸ்தி போட்டுட்ட மா" என்றாள். குழந்தையிடம் சொல்வது போலச் சொன்னாள். "கோயி பாத் நஹீ, பரவால்ல. சென்சாரை க்ளீன் பண்ணா சரியாயிடும். நீ டென்ஷன் ஆகாத."

நான் மாடியில் எங்கள் வீட்டைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று முதலில் தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது. இந்நேரம் அவர் செருப்புக்கூடப் போடாமல் படியில் தடதடவென்று இறங்கி வந்திருக்க வேண்டும். யாரைக் கேட்டு இதைத் தொட்டாய், இது என்ன உன் சமையல்கட்டா என்று பிளாக் முழுக்கக் கேட்கிற மாதிரி ஏசியிருக்க வேண்டும். நானும் விட்டிருக்க மாட்டேன். ராத்திரி சாப்பாடு வரைக்கும் போயிருக்கும் சண்டை. அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

படியில் யாரும் வரவில்லை. இனி அவர் வரமாட்டார் என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. ஆஸ்பத்திரியில் உறைக்கவில்லை, சுடுகாட்டுக்குப் போனவர்கள் வந்து முடிந்தது என்று சொன்னபோதும் உறைக்கவில்லை. காரைப் பிடித்துக்கொண்டேன்.

"மா? கியா ஹுவா? என்னாச்சு?" என்று மகள் என் தோளைத் தொட்டாள்.

"என்னைய ஒரு வார்த்த ஏசுட்டி" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை.

"வண்டியக் கெடுத்துட்டேன்லா. ஏசு. அப்பா மாதிரி ஏசு."

எண்ணெய்க் கையோடு அப்படியே நின்றாள். வாயைத் திறந்தாள். அவளுக்கு ஏச வரவில்லை.