இருநூறு என்று எழுதியிருந்த பிராசசர்

வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்குச் செய்தி வந்தது. அவிநாசி ரோட்டில் லாரி மோதி என் அண்ணன் வெங்கடபதி இறந்துவிட்டார். போனில் சொன்னவரிடம், “நல்லாத் தெரியுமுங்களா?” என்று இரண்டு தடவை கேட்டேன். எங்கள் வீட்டில் யாரும் எதையும் சட்டென்று நம்புவதில்லை. அண்ணன் அதில் ஒரு படி மேல்.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் அவர் கம்ப்யூட்டர் பழுது பார்த்தார். புதுசு வாங்க முடியாதவர்கள் பழைய மெஷினை வேகமாக்கித் தரச் சொல்லி வருவார்கள். போர்டில் உள்ள ஜம்பர் என்னும் சின்ன இணைப்பை இடம் மாற்றினால், கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர், தன்மேல் எழுதியிருப்பதைவிட வேகமாக ஓடும். அளவு மீறினால் சூடேறிக் கெட்டுவிடும். அண்ணன் ஒரு படி மட்டும்தான் ஏற்றுவார். வோல்டேஜைத் தொடவே மாட்டார். பெரிய ஃபேன் மாட்டி, இரண்டு நாள் நிறுத்தாமல் ஓடவிட்டு, விரல் வைத்துச் சூடு பார்ப்பார். ஒரு தடவை நின்றுபோனாலும் பழைய வேகத்துக்கே இறக்கிவிடுவார்.

பிராசசர்மேல் இருக்கும் எழுத்தையும் அவர் நம்பமாட்டார். குறைந்த வேகத்தின் எண்ணைச் சுரண்டிவிட்டு, கூடுதல் எண்ணை அச்சடித்து விற்கிற காலம் அது. அப்படிப்பட்டது ஏற்கெனவே தன் சக்திக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் நனைத்து முதலில் ஓர் ஓரத்தைத் துடைப்பார். கரைந்தால் போலி.

தொண்ணூற்றெட்டில், அவிநாசியில் பனியன் லேபிள் வரையும் சென்னியப்பன் தன் மெஷினைக் கொண்டுவந்தார். அதன் பிராசசர்மேல் வேகம் 200 என்று இருந்தது. துடைத்ததும் கரைந்தது. அடியில் என்ன இருக்கிறதென்று பார்க்கும் வேகத்தில் அண்ணன் முழுவதையும் துடைத்துவிட்டார். சுரண்டிய கோடுகள்தான் இருந்தன. 166க்கு இறக்கியதும் மெஷின் நிற்காமல் ஓடியது.

“ஏனுங்க தம்பி, வேகமாக்கச் சொன்னா மெதுவாக்கி வெச்சிருக்கறீங்க?”

“அது இருநூறே இல்லீங்ண்ணா. யாரோ மாத்தி அடிச்சு வித்துப்போட்டாங்க.”

“செரி, அந்த எழுத்தைக் காட்டுங்க பார்க்கலாம்.”

“தொடைச்சுப்போட்டனுங்க.”

“நல்லாருக்குதுங்க! பால்ல தண்ணியிருக்குதுன்னு சொல்றதுக்குப் பாலைக் கீழ ஊத்திப்போட்டு வந்தாப்பல. என்ற இருநூறை எடுத்துட்டு இந்த மொட்டையை வெச்சிருக்கறீங்க.”

அவர் இதைப் போகிற இடமெல்லாம் சொன்னார். அதன்பின் வந்தவர்கள் மெஷினைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையையே பார்த்தார்கள். தாராபுரத்து டைப்பிங் சென்டர்காரர் தன் நான்கு மெஷின்களையும் திருப்பி ஏற்றிக்கொண்டு போனார். கடை நிற்குமா என்றே தெரியவில்லை. ஒருநாள் சோறு போடும்போது நானும் கேட்டேன்: “நெசமாலுமே மாத்துலீங்களாண்ணா?”

“கேக்கறது செரிதான் அம்மணி. நானா இருந்தாலும் கேப்பேன்,” என்றார். ரசத்துக்குக் கை நீட்டவில்லை.

சென்னியப்பன் வாங்கிய அதே கடையில் அண்ணன் இன்னொரு இருநூறு வாங்கினார். அந்தக் கடையில் விற்பதே போலி என்று நிரூபிக்க, சென்னியப்பன் முன்னாலேயே அதைத் துடைத்துக் காட்டுவதாகப் பேச்சு. “ஞாயித்துக்கெழமை வாரனுங்க. ஆனா என்ற கையாலதான் தொடைப்பேன்,” என்று அவர் சொல்லியிருந்தார். அந்த ஞாயிற்றுக்கு முந்தின வியாழக்கிழமைதான் போன் வந்தது.

துக்கத்துக்குச் சென்னியப்பனும் வந்தார். அண்ணனின் மேசையை இரண்டு முறை பார்த்தார். துக்கம் கேட்க வந்தாரா, அந்தப் பிராசசரைத் தேடி வந்தாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அண்ணன் புதிதாக வாங்கிய பிராசசர், கடைக்காரர் பின் அடித்துக் கொடுத்த கவரிலேயே இருக்கிறது. அதை இன்னும் யாரும் துடைத்துப் பார்க்கவில்லை.