கருப்பு வெள்ளையில் ஓடிய கல்யாணம்

என் அப்பாவுக்கு உருப்படியாக இருந்தது ஒரே கண். இன்னொன்று, நான் பிறப்பதற்கு முன்பே சாயப்பட்டறையில் காரச் சோடாத் தண்ணீர் தெறித்துப் போய்விட்டது. அதில் வெளிச்சம் மட்டும் தெரியும். மிச்சமிருந்த கண்ணிலும் புரை விழுந்து, அதற்குத்தான் ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டுக்கு வந்திருந்தார்.

பட்டு நூலுக்குச் சாயம் போடுவது அவர் தொழில். மாதிரி நூல் ஒரு துண்டை நீட்டினால் போதும், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு எந்தப் பொடியை எவ்வளவு கலக்க வேண்டும் என்று முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவார். காய்ச்சலில் படுத்திருந்தாலும் நூலைக் கண்டால் எழுந்து உட்காருகிற ஆள். கலர் தெரியாத அப்பாவை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதும்மா," என்றார் டாக்டர். "ஆனா சர்க்கரை இருக்குது. உள்ளே நரம்பு எப்படி இருக்குன்னு போகப் போகத்தான் தெரியும்." அந்தப் 'போகப் போக'வை வீடு வருகிற வரைக்கும் எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஆவி, புகை ஆகாது. குனியக் கூடாது. கருப்புக் கண்ணாடி எந்நேரமும் இருக்க வேண்டும். ஜன்னலுக்கெல்லாம் அம்மா பழைய போர்வையைக் கட்டிவிட்டாள். ஒரு இடத்தில் உட்காரத் தெரியாத மனிதரை இருட்டறையில் நாற்காலியில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? அம்மா தாளிக்கிற சத்தத்தில்கூடக் குறை கண்டுபிடித்தார். கடைசியில், "உங்க அக்கா கல்யாண வீடியோவையாவது போடுமா," என்றார்.

வீடியோ பென் டிரைவில் இருந்தது. எங்கள் டிவியோ பின்பக்கம் புடைத்த பழைய பெட்டி, பென் டிரைவைச் செருக வழியே கிடையாது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் செருகுகிற மூன்று ஓட்டைகள்தான் உண்டு. என்னிடம் அதில் செருகக்கூடிய ஒரே சாமான் ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி. ஏனாத்தூர் காலேஜில் படித்து முடித்து ஊருக்குக் கிளம்பிய ஒரு வெளியூர்ப் பெண்ணிடம் வாங்கியது. ஒரு புரோகிராமை ஏற்றிவிட்டால் அந்தப் பெட்டி விளையாட்டை விட்டுவிட்டு பென் டிரைவில் இருக்கிற வீடியோவை ஓட்டும் என்று இணையத்தில் படித்திருந்தேன். ஏற்றுகிற நேரத்தில் கரண்ட் போனால் பெட்டி செத்துவிடும், பிறகு கதவுக்கு முட்டுக் கொடுக்கத்தான் ஆகும் என்றும் எழுதியிருந்தார்கள்.

எங்கள் தெருவில் கரண்ட் யாரிடமும் சொல்லிக்கொண்டு போவதில்லை. திரையில் அந்தக் கோடு நகர்கிற வரை, உள்ளங்கை வேர்வையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"இன்னாமா, மூச்சே காணோம். பாம் செய்யறியா?" என்றார் அப்பா.

"பேசாம இருப்பா."

ஏறிவிட்டது. கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் பட்டியல் வந்தது. வீடியோவை அழுத்தினேன். நாதஸ்வரம் கேட்டது. படமும் வந்தது, ஆனால் கருப்பு வெள்ளையில்.

காரணம் எனக்கு உடனே புரிந்தது. புரோகிராம் வெளிநாட்டு டிவிக்கு ஏற்ற முறையில் படத்தை அனுப்புகிறது. நம் டிவிக்கு அந்த முறையில் வருகிற கலரைப் படிக்கத் தெரியவில்லை. உள்ளே ஒரே ஒரு இடத்தில் மாற்றினால் சரியாகிவிடும். 'இருப்பா, கலர் வரலை' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா முந்திக்கொண்டார்.

"அரக்கு எப்படி எடுத்திருக்குது பாத்தியா? நான் போட்ட சாயமாச்சே."

திரையில் அக்காவின் முகூர்த்தப் புடவை ஈயப் பாத்திரத்தின் நிறத்தில் இருந்தது.

"மாப்பிள்ளையோட அம்மாவுது மாம்பழக் கலர். அதுவும் நல்லா தெரியுது," என்றார். எல்லாம் சரிதான். எல்லாம் அவர் கையால் சாயம் போட்ட நூல். கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். கலர் இல்லை என்பதே இவருக்குத் தெரியவில்லையா?

மறுநாள் காலையில் பக்கத்துத் தெரு நெசவுக்காரர் மாதிரி நூலோடு வந்தார். அப்பா கையை நீட்டவே இல்லை. "கண்ணாடி போட்டுக்கினு இருக்கேன்பா. அப்புறமா வா," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். மருந்து விடக் கண்ணாடியைக் கழற்றினால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அம்மா இமையை இழுத்துப் பிடித்துச் சொட்டு விட வேண்டியிருந்தது. வலி என்று அவள் நினைத்தாள். நான் அப்படி நினைக்கவில்லை.

அந்த ஒரு இடத்தை மாற்ற எனக்கு அரை நிமிடம் போதும். மாற்றவில்லை. மாற்றியபிறகும் அவர் அதையே சொன்னால்? கலர் வந்ததே தெரியாமல் உட்கார்ந்திருந்தால்? அதைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. படம் கருப்பு வெள்ளையில் ஓடுகிற வரைக்கும் எதுவும் முடிவாகவில்லை என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அவரோ தினமும் சாயந்திரமானால், "அந்தக் கல்யாணத்தைப் போடுமா," என்பார். போடுவேன். அரக்கு, மாம்பழம், கிளிப்பச்சை என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவார். நான் 'ஆமாம்பா' போடுவேன்.

வீடியோ ஓடுகிற நேரத்தில் அம்மா அடுப்படியை விட்டு வந்ததே இல்லை. ஒரு நாள் ஏதோ சீக்கிரம் வேலை முடிந்து, சொட்டு மருந்தோடு வந்து நின்றாள்.

"ஏண்டி, கல்யாணத்தை ஏன் கருப்பு வெள்ளையில ஓட்டிக்கினு இருக்கே?" என்றாள்.

அப்பாவின் தலை மெதுவாக அவள் பக்கம் திரும்பியது.

"உனக்கும் கருப்பு வெள்ளையாத்தான் தெரியுதா?"

"தெரியுதாவா? அப்படித்தானே ஓடுது. உங்களுக்கு வேற எப்படித் தெரியுது?"

அப்பா டிவியைப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பினார். கலர் இல்லை என்பது முதல் நாளே அவருக்குத் தெரிந்திருக்கிறது. பெட்டியின் கோளாறு என்று தெரியாமல், தன் கண்தான் போய்விட்டது என்று நினைத்து, எங்களுக்குத் தெரியக் கூடாதென்று நினைவிலிருந்தே கலர் சொல்லியிருக்கிறார்.

ரிமோட்டை எடுத்தேன். பயம் இன்னும் போகவில்லை. நான் நினைத்ததும் தப்பாக இருக்கலாம். அந்த இடத்தைத் தேடி மாற்றினேன். திரை சுத்தமாக இருண்டு, பிறகு கலர் வந்தது. பந்தி ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூணாவதா உக்காந்துக்கினு இருக்கானே, ஆரஞ்சு சட்டை, யாரும்மா அது? ஒரு தடவை துவைச்சா சாயம் பனியன் வரைக்கும் இறங்கும்."

அந்தச் சட்டை அவர் சாயம் போட்டதில்லை.

"என் தம்பிதான். அவன் சட்டையில குறை சொல்லாம உங்களுக்குப் பொழுது போகாதே," என்றாள் அம்மா.

நான் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க அழுகை வந்துவிட்டது.

"தினம் போடச் சொன்னது எதுக்குன்னு நினைச்சே?" என்றார் அப்பா. "இன்னிக்காவது கலர் வந்துடுமான்னு பாக்கத்தான். பெட்டியில கோளாறுன்னு நீ ஏம்மா சொல்லலை?"

"கலர் தெரியலைன்னு நீ ஏம்பா சொல்லலை?"

அம்மா மருந்துப் புட்டியைக் குலுக்கி, "பேசினது போதும், நிமிருங்க," என்றாள்.

அப்பா தானாகவே கருப்புக் கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை கண்ணை மூடவில்லை. குனிந்து நின்ற அம்மாவின் தோளையே பார்த்தார்.

"கத்திரிப்பூ," என்றார்.

"ஆமாம், கத்திரிப்பூதான். புடவையை அப்புறம் பாக்கலாம், மேல பாருங்க," என்றாள் அம்மா.