முத்தையாவிடம் நான் கேட்காத கேள்வி

எண்பதுகளில் பினாங்கு மருத்துவமனை ஒன்றில் பயிற்சி மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுத்தேன். கால் அழுகிய முதியவர் முத்தையா, காலை எடுக்கச் சம்மதிக்கவில்லை. அவருக்கு முடிவெடுக்கும் தெளிவு உண்டா என்று சோதித்துக் காட்ட, ஆங்கிலத்தில் தேதியும் பிரதமர் பெயரும் கேட்டேன். அவர் புரியாமல் விழித்தார்.

"தெளிவில்லை. சம்மதப் படிவத்தில் மகனிடம் கையெழுத்து வாங்குங்கள்" என்றேன்.

பக்கத்தில் நின்ற தாதி தமிழில் கேட்டார்: "ஐயா, கால எடுக்கலன்னா என்ன ஆகும், தெரியுமா?"

"செத்துருவேன்லா, தெரியும்மா. லிஃப்ட் இல்லாத ஃபிளாட்டு, மூணாவது மாடி. ஒத்தக் காலோட அங்க அடைஞ்சு கெடக்க வேணாம்."

நானும் தமிழன்தான். படிவத்தைக் கிழித்தேன். ஆனால், "தவறு என்னுடையது" என்று பயிற்சி மருத்துவர்களிடம் சொல்ல வாய் வரவில்லை.

மூன்று வாரத்தில் முத்தையா இறந்துபோனார். நான் காட்டிய விதத்திலேயே அந்த மருத்துவர்கள் இன்னும் முதியவர்களைச் சோதிக்கிறார்களோ என்று நினைத்தால், இன்றும் உடம்பு கூசுகிறது.