சம்பந்தியை முந்தாத எஞ்சின்

1. கேள்வி

தர்மலிங்கம் அண்ணை எங்கள் கராஜுக்குள் வந்த நேரம், பனியில் ஓடும் ஒரு ஸ்னோ ஸ்கூட்டரின் வயிற்றுக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு நின்றேன். அண்ணை வணக்கம் சொல்லவில்லை, சுகம் கேட்கவில்லை.

"தம்பி, பிக் போரோ, டேர்போவோ? ஒரு சொல்லிலை சொல்லும்."

இந்தக் கேள்வியைக் கேட்காமல் எங்கள் கடைக்குள் வருகிறவர்கள் தபால்காரரும் வழி தவறியவர்களும்தான். மற்ற எல்லோரும் கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி என் தாடை தேய்ந்துவிட்டது. ஆனால் அண்ணை கேட்டதும் கையை வெளியே எடுத்துத் துடைத்தேன். அவர் ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் இருப்பவர், டாக்சி ஓட்டுகிறவர், அறுபது தாண்டியவர். பனி கொட்டினால் பல்கனிக் கதவைத் திறக்கவே யோசிக்கிற மனிதர்.

இளையவர்களுக்காக இந்த இடத்தில் கொஞ்சம் தொழில் சொல்ல வேண்டும். மலையில் ஓட்டும் ஸ்னோ ஸ்கூட்டருக்கு வலு கூட்ட இரண்டு வழி. ஒன்று பிக் போர்: சிலிண்டரை அகலமாக்கிப் பெரிய பிஸ்டன் போடுவது. மற்றது டேர்போ: வெளியேறும் புகையாலேயே ஒரு விசிறியைச் சுழற்றி எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பது. கல்யாணப் பந்தியில் வைத்துப் பாருங்கள். பெரிய வயிறோடு வந்து தானாகச் சாப்பிடுகிறவர் பிக் போர். சின்ன வயிறுதான், ஆனால் பின்னால் நின்று ஒருவர் இலையில் தள்ளிக்கொண்டே இருக்கிறார் என்றால் அது டேர்போ. உயரம் போகப் போகக் காற்று மெலியும், பெரிய வயிற்றுக்காரருக்குச் சோறு குறையும். டேர்போக்காரருக்குக் குறையாது. ஆனால் தள்ளுகிறவர் சில நேரம் தாமதமாக வருவார், வந்ததும் அண்டாவையே கவிழ்ப்பார். த்ரொட்டில் விசையை விரலால் அமத்துவீர்கள், ஒன்றும் நடக்காது, இன்னும் அமத்துவீர்கள், பிறகு எல்லாம் ஒன்றாக நடக்கும். இப்போது வருகிறவை எவ்வளவோ திருந்திவிட்டன. ஆனாலும் குணம் குணம்தான்.

ஒஸ்லோவில் இதை ஓட்டிப் பார்த்து வாங்கவும் முடியாது. நோர்வே மலைகளில் பொழுதுபோக்குக்கு மோட்டார் ஓட்டுவது, சில பாதைகளைத் தவிர, தடை. ஆகவே எங்கள் வாடிக்கையாளர்கள் இங்கே வாங்கி, ட்ரெய்லரில் ஏற்றி, சுவீடனுக்குக் கொண்டுபோய் ஓட்டுவார்கள். கடையில் சத்தத்தைக் கேட்டு, பேச்சை நம்பி வாங்குவார்கள். பெண்ணின் குரலைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கலியாணத்துக்குச் சம்மதிப்பது மாதிரி. அந்தப் பேச்சுக்குப் பொறுப்பாளி நான். நானோ மலையில் ஓட்டியது மிகக் கொஞ்சம், ஓட்டிய ஒவ்வொரு முறையும் இடுப்புக்கு எண்ணெய் பூச வேண்டி வந்தது.

"உங்களுக்கு ஏன் அண்ணை உது?" என்றேன்.

2. பின் சீட்

அண்ணையின் மகள் நோர்வேப் பையன் ஒருவனைக் கலியாணம் செய்திருக்கிறாள். பையனின் தகப்பன் ஹரால்ட், கட்டட வேலைக்காரர், மலை மனிதர். சுவீடன் எல்லைக்கு அப்பால் அவர்களுக்கு ஒரு மரவீடு இருக்கிறது. போன ஈஸ்டர் லீவுக்குச் சம்பந்திமாரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஹரால்ட் அண்ணையைத் தன் ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றி, மலை முழுக்கச் சுற்றிக் காட்டினார். அண்ணை இரண்டு கையாலும் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்திருந்தார். மகள் அதைப் படம் எடுத்துக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டாள்.

"குடும்பத்துக்கை கிடந்தாப் பரவாயில்லை தம்பி. குறொன்லாண்ட் பக்கத்துத் தமிழ்க் கடைக்கு வெண்டிக்காய் வாங்கப் போறன், கடைக்காரன் கேக்கிறான், 'அண்ணை, இடுப்பு வடிவாப் பிடிச்சியளோ' எண்டு. லண்டனிலை இருந்து மச்சான் போன் எடுக்கிறான். கனடாவிலை இருந்து எடுக்கினம். நான் என்ன, சீதனத்தோடை குடுத்த மூட்டையோ?"

நான் சிரிக்கவில்லை. சிரித்தால் இன்னொரு கடைக்காரன் ஆகிவிடுவேன்.

"இந்த ஈஸ்டருக்கு நான் தனிய ஓடோணும். அவையின்ரை வீட்டுக்குப் பின்னாலை ஒரு ஏத்தம் இருக்கு. மருமகன் அதிலை ஏறி ஏறி இறங்குவான். இந்த முறை நாங்கள் எல்லாரும் ஏறுவம் எண்டு சொல்லிப்போட்டான். நானும் ஏறுவன்."

"சம்பந்தியின்ரை என்ன எஞ்சின்?"

"பிக் போராம். அதாலைதான் நான் டேர்போ யோசிச்சனான்."

மூலையில் ஒரு டேர்போ ஸ்கூட்டர் விற்காமல் நின்றது. என் முதலாளி எகில் அதற்குள் அதன் மேல் கிடந்த துணியை உருவிவிட்டார். எகில் பேசியது நோர்வேஜிய மொழியில். அதை இரண்டு மொழியிலும் எழுத எனக்குத் தெம்பில்லை, எங்கள் தமிழிலேயே பேச விட்டிருக்கிறேன்.

"ஆள் டேர்போ கேக்கிறார். நீ ஏன் குறுக்கை நிக்கிறாய்?"

"ஆள் இதுவரைக்கும் பின்சீட்டிலைதான் இருந்தவர்."

"எல்லாரும் எங்கையோ தொடங்கத்தானே வேணும்."

"அறுநூறு சிசிச் சின்ன எஞ்சினிலை தொடங்கலாம்," என்றேன் அண்ணையிடம். அவர் முகம் சுருங்கியது.

"அறுநூறோ? நீர் என்னை ஸ்கூல் பிள்ளை எண்டு நினைச்சீரோ?"

உண்மையில் எனக்கிருந்த பயம் எஞ்சினைப் பற்றியதல்ல. ஈஸ்டர் நேரத்து ஏற்றத்தில் பனி இளகி நிற்கும், சரிந்தால் ஆளை மூடும். அங்கே அறுபது தாண்டிய டாக்சிக்காரர் ஒருவர், இடுப்பு பிடித்த கதையை அழிப்பதற்காக, த்ரொட்டிலை அமத்திக்கொண்டு மேலே போகப் போகிறார். ஏதும் நடந்தால் அவருடைய மனைவியின் முகத்தில் நான் எப்படி விழிப்பது? அந்த அக்காவைக் கோயிலில் கிழமைக்கு ஒருமுறை காண்கிறேன்.

"அக்கா என்ன சொல்றா?" என்று கேட்டேன்.

அண்ணை பெருமூச்சு விட்டார். "அவவோ? 'அவையளுக்குக் குறைவா நிக்காதேங்கோ. ஆனா மாப்பிள்ளையின்ரை தேப்பனை முந்திக்கொண்டும் போகாதேங்கோ, நாங்கள் பொம்பிளை வீட்டுக்காரர்' எண்டு சொல்றா. ரெண்டையும் எந்த எஞ்சின் செய்யும்?"

இத்தனை வருடத்தில் எஞ்சின் தேர்வுக்கு இவ்வளவு தெளிவான நிபந்தனையை யாரும் எனக்குத் தந்ததில்லை. குறையவும் கூடாது, முந்தவும் கூடாது. பக்கத்தில் போக வேண்டும்.

"அப்ப டேர்போ சரிவராது," என்றேன். "அது முதல் பிந்தும், பிறகு முந்தும். பக்கத்திலை போகாது. பிக் போர் எடுங்கோ. விரல் சொன்னதை மட்டும் செய்யும். அந்த மலை ஆயிரம் மீற்றர் சொச்சம்தான், உங்களுக்குக் குறையிற வலு அவருக்கும் குறையும்."

அண்ணை பிக் போருக்கே சம்மதித்தார். எகில் துணியைத் திரும்பவும் மூடினார். அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை. நோர்வேக்காரரின் கோபத்துக்கும் சாதாரண நாளுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க எனக்குப் பல வருடம் எடுத்தது.

3. மற்றச் சம்பந்தி

பெப்ரவரியில் ஒரு பெரிய மனிதர் வந்தார். ஆறடிக்கு மேல், பனங்கொட்டை போலத் தலை. ட்ரெய்லரில் பழைய பிக் போர். ஹெல்மெட்டை இடக் கையாலேயே தூக்கி வைத்தார். என்னை உற்றுப் பார்த்து நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

"தர்மாவுக்கு மெசின் குடுத்தது நீதானே? நான் ஹரால்ட். அவர் உன்னைப் பற்றிப் பெரிசாச் சொல்றார்."

"சொல்லுங்கோ."

"இதை எடுத்துப்போட்டு டேர்போ தாறியோ?"

எகிலின் கை துணியை நோக்கிப் போனது.

"ஏன்?" என்றேன். இந்தச் சொல்லால் நான் கடைக்கு இல்லாமல் செய்த விற்பனைகளை எகில் மனதில் எழுதி வைத்திருக்கிறார்.

ஹரால்ட் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வலத் தோள் போச்சுது. வீட்டிலை ஒருத்தருக்கும் தெரியாது. போன வருசம் தர்மா பின்னாலை இருந்தவர், அதைச் சாட்டி மெதுவா ஓடினனான். 'விருந்தாளி இருக்கிறார்' எண்டு மகனுக்குச் சொன்னன். அவ்வளவு நல்ல ஈஸ்டர் எனக்குக் கனகாலமாக் கிடைக்கேல்லை. இப்ப அவர் சொந்தமா மெசினோடை வாறார். அந்த ஏத்தத்திலை அவர் என்னை விட்டுட்டுப் போனா நான் எங்கை முகத்தை வைக்கிறது? டேர்போ எண்டா எஞ்சினே எல்லாம் பாத்துக்கொள்ளும்தானே?"

"தோளை எஞ்சின் பாக்காது. ஏத்தத்திலை ஸ்கூட்டரைச் சரிச்சுத் திருப்பிறது தோள்தான்."

"தெரியும்," என்றார். ஒரு மலை மனிதர் கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு அதைச் சொல்வதைப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது.

நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஒருவர் இடுப்பைப் பிடித்ததற்கு வெட்கப்படுகிறார். மற்றவர் அந்தப் பிடிக்குள் ஒளிந்திருந்தவர். இருவரும் ஒருவருக்குப் பயந்து ஒருவர் ஒரே ஏற்றத்தில் ஏறப்போகிறார்கள். ஒருவர் கதையை மற்றவருக்குச் சொல்வது கராஜ் தர்மமில்லை. ஆனால் எங்கள் வழக்கத்தைச் சொல்லத் தடையில்லை.

"எங்கடை ஆக்களிலை ஒரு முறை இருக்கு," என்றேன். "பொம்பிளையின்ரை தகப்பன் மாப்பிள்ளையின்ரை தகப்பனை முந்திப் போகமாட்டார்."

"எங்கை?"

"எங்கையும்."

"மலையிலையுமோ?"

"மலையிலை கட்டாயம் முந்தமாட்டார். நீங்கள் நிண்டா அவரும் நிப்பார்."

வழக்கம் அவ்வளவு பெரியதல்ல. அதன் சிலிண்டரை நான்தான் கொஞ்சம் அகலமாக்கினேன்.

ஹரால்ட் தன் பழைய ஸ்கூட்டரின் சீட்டைத் தட்டினார். தோள் மெல்லக் கீழே இறங்கியது. "அப்ப இந்தப் பழசே காணும், வேறை வேண்டாம்," என்றார். தோள் நோகாதபடி ஹாண்டிலை உயர்த்தி, கைப்பிடியைச் சூடாக்கும் கம்பியும் போட்டுக் கொடுத்தேன். எகில் இரண்டாவது முறையாகத் துணியைச் சரிசெய்தார். "நீ இஞ்சை வேலை செய்யிறாயோ, கலியாணம் பேசுறாயோ?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஓய்வு பெற்ற பிறகு யோசிக்க வைத்திருக்கிறேன்.

4. பிளக்

மே மாதம் இரண்டு ஸ்கூட்டரும் ஒரே ட்ரெய்லரில் சேர்விசுக்கு வந்தன. ஹரால்டின் வான், பக்கத்தில் அண்ணை.

"ஏத்தம் எப்பிடி அண்ணை?"

"என்ன கேள்வி! ஒண்டா ஏறினம். பக்கத்திலை பக்கத்திலை."

"பிரமாதம்," என்றார் ஹரால்ட்.

அவர்கள் வெளியே நின்று கோப்பி குடிக்க, நான் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினேன். ஏற்றத்தில் முழு வேகத்தில் உழைத்த எஞ்சினின் பிளக் நுனி பால் விட்ட கோப்பி நிறத்தில் இருக்கும். உருட்டிக்கொண்டு திரிந்ததன் நுனி கறுத்து, எண்ணெய்ப் பசையாக இருக்கும். இரண்டு எஞ்சினும் ஒரே கறுப்பு. மலையை அடியில் நின்று பார்த்திருக்கிறார்கள். அண்ணையின் சீட்டுக்கு அடியில் தோடம்பழத் தோலும், அக்கா சுற்றிக் கொடுத்த ரோல்ஸின் வெறும் பேப்பரும் கிடந்தன.

நான் பிளக்கை மாற்றினேன். கறுத்தவற்றைக் குப்பையில் போட்டேன்.

போகும்போது அண்ணை கிட்ட வந்தார். "தம்பி, வாற வருசத்துக்கு டேர்போ ஒண்டு பாப்பமோ?"

"வாற வருசமும் ரெண்டு பேரும்தானே போறியள்?"

"ஓம், ரெண்டு பேரும்தான். கதைச்சு வச்சிட்டம்."

"அப்ப இதுவே காணும்."

அவர் ஹரால்டைத் திரும்பிப் பார்த்தார். ஹரால்ட் வான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார், இடக் கையால். "காணும்தான்," என்றார் அண்ணை.

இந்தத் தொழிலுக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பிக் போரா டேர்போவா என்று கேட்பவரிடம் முதலில் உயரத்தைக் கேளுங்கள், பிறகு எடையைக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், யாரோடு போகிறீர்கள் என்று கேளுங்கள். பாதிப் பேருக்கு அதற்குப் பிறகு எஞ்சின் தேவைப்படாது. உங்கள் முதலாளிக்கு அது பிடிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.