எஞ்சின் முன்னாடியா, பின்னாடியா?

போன ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டில் ஒரு கல்யாணப் பேச்சு நின்றுபோகப் பார்த்தது. காரணம் வரதட்சணை இல்லை, ஜாதகம் இல்லை, மாப்பிள்ளையின் சித்தப்பா கோபித்துக்கொண்டதும் இல்லை. ராட்சத எஞ்சின் வைத்த அமெரிக்க மஸில் கார்.

அந்தக் காரை அங்கே இருந்தவர்களில் ஒருவர்கூட நேரில் பார்த்ததில்லை. நானும்தான். சரி, அடுத்த வீட்டுக் கல்யாணத்தில் உனக்கென்ன வேலை என்று கேட்பீர்கள்... இருக்கிறதே. அந்தச் சம்பந்தத்தைப் பேசிக் கொண்டுவந்த புண்ணியவதியே நான்தான்.

கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். பொன்னேரியில் என் வீட்டுக்கு வாரா வாரம் இறால் கொண்டுவருகிறவள் லூர்து. அவள் கணவர் மரியதாஸ் சொந்தப் படகு வைத்து மீன் பிடிக்கிறார். ஒரே மகள் பிரின்ஸி. பி.காம். முடித்துவிட்டு கும்மிடிப்பூண்டியில் வேலைக்குப் போகிறாள். சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கி, பழவேற்காடு பஸ் வரும்வரை என் வீட்டில் உட்கார்ந்து காபி குடிப்பாள். அப்போது அவள் போனில் ஓடுவது சீரியல் இல்லை, சமையல் வீடியோ இல்லை. கார்வெட், மஸ்டாங், கமாரோ, சேலஞ்சர் என்று அமெரிக்கக் கார்கள், அதிலும் கார்வெட் என்றால் உயிர். பின்விளக்கை மட்டும் காட்டினால் போதும், என்ன கார், எந்தக் காலத்து மாடல் என்று சொல்லிவிடுவாள். எனக்கு வெள்ளைக் கார், வெள்ளை இல்லாத கார் என்று இரண்டே வகைதான் தெரியும்.

இந்தப் பக்கம் ஜோயல். என் பழைய காருக்கு வைத்தியம் பார்க்கும் ஆரம்பாக்கத்துப் பையன். அவர்களும் ஒரு காலத்தில் பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடித்தவர்கள்தான். தாத்தா வலையை விட்டுவிட்டு நிலத்துப் பக்கம் போனார். அப்பா சாலமன் டிராக்டர் வைத்து ஊர் வயல்களுக்கெல்லாம் உழவு ஓட்டுகிறார். ஜோயல் என் காரின் பானெட்டைத் திறந்தான் என்றால், மூடுவதற்குள் ஒரு தடவை அமெரிக்கா போய்விட்டு வந்துவிடுவான். “மேடம், இதே எடத்துல எட்டு சிலிண்டர் இருந்தா எப்பிடி இருக்கும் தெரியுமா?” என்று என் ஏழை எஞ்சினைப் பார்த்துப் பெருமூச்சு விடுவான்.

அவளுக்கும் கார் பைத்தியம். அவனுக்கும் கார் பைத்தியம். ஒரே ஊர் வேர், ஒரே சர்ச் வழக்கம். பொருத்தம் பார்க்க வேறென்ன வேண்டும்? எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த கல்யாணத் தரகர் சட்டென்று எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

லூர்துவிடம் சொன்னபோது அவள் சந்தோஷப்பட்டாள், கூடவே பயந்தாள். ஏற்கெனவே இரண்டு பேர் பெண் பார்க்க வந்து, பிரின்ஸி வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். முதல் பையன், “பொம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்கு இந்த காரு கீரு எல்லாம்?” என்று சிரித்தானாம். இரண்டாவது பையன் சிரிக்கவில்லை. “ஷோக்கா கீது” என்று சொல்லிவிட்டு கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போய்விட்டானாம்.

“ரெண்டாவது ஆளுதான் ஆண்ட்டி எனக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு” என்றாள் பிரின்ஸி. “சிரிச்சவனாவது நான் சொன்னத காதுல வாங்கினான்.”

இந்த மூன்றாவதும் சரிவரவில்லை என்றால் கொஞ்ச நாளைக்கு யாரையும் கூட்டிக்கொண்டு வரக்கூடாது என்று அம்மாவிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். கொஞ்ச நாள் என்றால் எத்தனை வருஷம் என்று லூர்து கேட்டிருக்கிறாள். அதனால்தான் லூர்து பிரின்ஸிக்கும் எனக்கும் ஒரே உத்தரவு போட்டாள். “அவங்க வந்துட்டுப் போற வரிக்கும் காரு பேச்சே வரக்கூடாது. நீயும்தாங்கா.”

காருக்காகவே இழுத்துக் கட்டிய சம்பந்தத்தில் காரைப் பற்றிப் பேசக்கூடாது. சரி என்று தலையாட்டினேன்.

ஞாயிறு பூசை முடிந்து லூர்து வீட்டுக்கு ஜோயல் வீட்டார் வந்தார்கள். இறால் வடை வந்தது, கேக் வந்தது. பிரின்ஸி டீத் தட்டோடு வந்தாள். புதுப் புடவை, குனிந்த தலை. குனிந்த தலைதான் வம்பாகப் போயிற்று. குனிந்ததால் டீப்பாயைப் பார்த்தாள். டீப்பாயின் மேல் ஜோயலின் சாவிக்கொத்து கிடந்தது. அதில் ஓடுகிற மாதிரி ஒரு சின்ன வெள்ளிக் குதிரை, மஸ்டாங் காரின் சின்னமாம்.

தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். மாப்பிள்ளையிடம் அவள் பேசிய முதல் வார்த்தை இது: “மஸ்டாங்கா நீங்க?”

குரலில் இருந்தது விசாரிப்பு இல்லை, குற்றச்சாட்டு. லூர்து என் கையைக் கிள்ளினாள்.

தனியாகப் பேசட்டும் என்று இருவரையும் வீட்டுக்குப் பின்னால் அனுப்பினோம். அங்கே மரியதாஸின் படகு கரையேற்றிக் கிடந்தது, பின்புறம் எஞ்சின் தூக்கி வைத்தபடி. நாங்கள் உள்ளே நெல் விலை, நண்டு விலை என்று பேசிக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் பின்பக்கத்திலிருந்து சத்தம் வர ஆரம்பித்தது. முதலில் அவன் குரல். பிறகு அவள் குரல். பிறகு இரண்டும் சேர்ந்து... எல்லோரும் வடையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தோம்.

நான்தான் ஓடினேன். தரகருக்கு வேறு வழியேது?

“எஞ்சினைக் கொண்டுபோய் சீட்டுக்குப் பின்னாடி வெச்சுட்டா அப்புறம் அது இன்னாங்க மஸில் காரு?” என்று கேட்டுக்கொண்டிருந்தான் ஜோயல். “நீளமா ஒரு பானெட்டு, அதுக்கு அடியில எட்டு சிலிண்டரு வி-எய்ட்டு. ஸ்டார்ட் பண்ணா தெரு முழுக்க அதிரணும். அதாங்க மஸில். உங்க கார்வெட்டு வெறும் ஸ்போர்ட்ஸ் காருங்க.”

“ஸ்போர்ட்ஸ் காருனு ஒத்துக்கினீங்களே, அதுவே போதுங்க” என்றாள் பிரின்ஸி. “எஞ்சின் நடுவுக்கு வந்தப்புறம்தான் அது திரும்பற அழகே அழகு. நேர் ரோட்ல போறதுக்கு எங்க நைனாவோட படகே போதும்.”

“கார்வெட்டே எவ்ளோ வருஷமா எஞ்சினை முன்னாடி வெச்சிருந்துதே, அது தெரியுமா உங்களுக்கு?”

“தெரியுங்க. திருந்திடுச்சு.”

கவனித்தீர்களா? கழுத்து நரம்பு புடைக்கச் சண்டை. ஆனால் ஒரு இடத்தில்கூட ‘ங்க’ குறையவில்லை. இவ்வளவு மரியாதையான சண்டையை நான் சட்டசபை நேரலையிலும் பார்த்ததில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கார் விஷயத்தில் இரண்டு பேரும் ஒரே மதம்தான், ஆனால் வேறு வேறு சபை. அந்த மாதிரிச் சண்டைக்குத்தான் மருந்தே கிடையாது. மாற்று மதக்காரனைக்கூட மன்னித்துவிடலாம், பக்கத்துச் சபைக்காரனை விடவே முடியாது.

இதற்குள் இரண்டு அப்பாக்களும் பின்னால் வந்துவிட்டார்கள். என்ன தகராறு என்று சாலமன் கேட்டார். மகனும் நானும் சொன்னதில் அவருக்குப் புரிந்தது இவ்வளவுதான்: எஞ்சின் முன்னால் இருக்க வேண்டுமா, பின்னால் இருக்க வேண்டுமா?

“இதுல இன்னா சந்தேகம்? முன்னாடிதான்” என்றார் சாலமன். “சேத்துல எறங்கினா தெரியும். முன்னாடி வெயிட்டு இல்லனா டிராக்டரு மூக்கத் தூக்கிக்கும்.”

மரியதாஸ் தொண்டையைச் செருமினார். “தப்பா நெனைக்காதீங்கண்ணே. தள்றது பின்னாடி இருந்தாத்தான் மூக்கு நேராப் போவும். முன்னாடி எஞ்சினை வெச்சா மொத அலையிலயே முக்குளிச்சிடும்.”

“ரோட்ல ஏதுண்ணே அலை?”

“ரோட்ல ஏதுண்ணே சேறு?”

இதற்குமேல் அடக்க முடியவில்லை. சாலமன் ஒரு குச்சியை எடுத்து மணலில் கார் வரைந்தார். பார்த்தால் டிராக்டர் மாதிரியே இருந்தது. மரியதாஸ் அதைக் காலால் அழித்துவிட்டு இன்னொரு கார் வரைந்தார். சக்கரம் வைத்த படகு. பக்கத்தில் வலைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து, படத்தைப் பார்த்து, ஒருவர் விடாமல் பின் எஞ்சின் கட்சியில் சேர்ந்தார்கள். மாப்பிள்ளையோடு வந்த உறவுக்காரர்கள் மொத்தமும் முன் எஞ்சின். பெண் வீடு, பிள்ளை வீடு என்று கச்சிதமாகப் பிரிந்து நின்றாகிவிட்டது, நடுவில் ஒரு அமெரிக்கக் கார்.

நான் ஒன்று கேட்கிறேன். நாம் பார்த்துப் பழகின எதற்காகவாவது இப்படிச் சண்டை போடுகிறோமா? வீட்டு மிக்ஸிக்காக, தெருக்குழாய்க்காக, தினம் ஏறுகிற பஸ்ஸுக்காக? மாட்டோம். அதன் கோளாறெல்லாம் நமக்கு அத்துப்படி. கண்ணால் பார்க்காததில்தான் குறையே இருக்காது, அதற்காகத்தான் உயிரை விடலாம்.

தத்துவம் இருக்கட்டும். நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. சாலமன் குச்சியைக் கீழே போட்டுவிட்டு, “சரி, கெளம்பலாம். வெயிலு ஏறுது” என்றார். லூர்து வாசல்படியில் நின்று என்னைப் பார்த்தாள். “கெடுத்துட்டியேக்கா” என்று அவள் சொல்லவில்லை. அந்தப் பார்வைக்கு அதுதான் அர்த்தம். பிரின்ஸி புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு மணலைப் பார்த்தாள். முகம் சின்னதாகிப் போயிருந்தது.

ஆனால் எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது. முதல் பையன் சிரித்தான், இரண்டாவது பையன் எழுந்து போனான். இந்தப் பையன் சண்டை போட்டான்! அவள் சொன்ன ஒவ்வொன்றையும் கேட்டு, யோசித்து, பதில் தேடிச் சண்டை போட்டான். அவளுக்கும் அது தெரிந்திருந்தது. இல்லையென்றால் முகம் ஏன் வாட வேண்டும்?

எதையாவது சொல்லி நிறுத்த வேண்டும். வாயில் வந்ததைச் சொன்னேன்.

“ஏம்ப்பா, இதுக்குப் போய்ச் சண்டையா? இனிமே எல்லாம் எலெக்ட்ரிக்தானாமே. மஸில் கார்கூட பேட்டரியில வருதாம். முன்னாடியும் எஞ்சின் கிடையாது, பின்னாடியும் கிடையாது. சத்தமே வராது. பிரச்சினை தீர்ந்துதா?”



முதலில் திரும்பியது ஜோயல். “மேடம்... நீங்களா மேடம் இப்பிடிப் பேசறது?”

“ஆண்ட்டி, அதுல சத்தம் எப்பிடி வருது தெரியுமா?” என்றாள் பிரின்ஸி. “ஸ்பீக்கர்ல.”

“வண்டிக்கு வெளிய ஸ்பீக்கர் வெச்சு...” என்று ஆரம்பித்தான் அவன்.

“...எஞ்சின் ஓடற மாதிரியே சத்தம் போடுவாங்க” என்று முடித்தாள் அவள்.

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று என்னை முறைத்தார்கள். நடுவில் இருந்த மணல் கார் இரண்டு ஜோடிக் காலிலும் மிதிபட்டுக் காணாமல் போனதை யாரும் கவனிக்கவில்லை.

“சத்தம் வராத வண்டியா?” என்றார் மரியதாஸ், ஏதோ உப்பில்லாத கடல் என்று கேள்விப்பட்ட மாதிரி.

லூர்து வாசல்படியிலிருந்தே குரல் கொடுத்தாள். “இன்னாக்கா பேசற நீ? இவுரு படகு முகத்துவாரத்துல திரும்பும்போதே சத்தத்தக் கேட்டு நான் ஒலை வெப்பேன். சத்தமே இல்லனா நான் எதை நம்பி அடுப்பு பத்த வெக்கிறது?”

கிளம்பப் போன சாலமன் அப்படியே நின்றார். “தங்கச்சி சொல்றது கரெக்டு. சேத்துல இழுக்கறப்ப சத்தம் மாறும். அதக் கேட்டுத்தான் நான் கியரே மாத்துவேன். ஸ்பீக்கர்ல பாட்டுப் போட்டுக்கினு உழுவறதா? நீயே சொல்லு சம்பந்தி.”

சம்பந்தி.

சொன்னவருக்கே அது ஒரு நொடி கழித்துத்தான் காதில் விழுந்தது. மரியதாஸ் அவரைப் பார்த்தார். அவர் மரியதாஸைப் பார்த்தார். வலைக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். லூர்து என் கையை மறுபடியும் கிள்ளினாள், இந்தத் தடவை வேறு மாதிரிக் கிள்ளல்.

“இன்னா சொல்ற கண்ணு?” என்று மகளைக் கேட்டார் மரியதாஸ்.

பிரின்ஸி ஜோயலைப் பார்த்தாள். “அந்தக் குதிரைய சாவில இருந்து கழட்டுவீங்களா?”

“மாட்டங்க” என்றான் ஜோயல்.

“கழட்டறேன்னு சொல்லியிருந்தா வேணான்னு சொல்லியிருப்பேன் நைனா” என்றாள் அவள், அப்பாவிடம். சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏரிக்காற்று என்று சமாளித்தேன்.

மறுபடியும் எல்லோரும் உட்கார்ந்து வடை சாப்பிட்டோம். கல்யாணத்துக்குப் பெண்ணை எதில் அழைத்துவருவது என்ற பேச்சு வந்தது. ஆரம்பாக்கத்துக் கரைவரைக்கும் படகு, கரையிலிருந்து சர்ச்சுக்கு டிராக்டர் என்று முடிவாயிற்று. பின் எஞ்சினுக்குப் பாதி, முன் எஞ்சினுக்குப் பாதி. இரண்டிலும் முன்னாலிருந்து பின்னால்வரை ரேஸ் கார் மாதிரி இரண்டு வெள்ளைக் கோடு அடிக்கப்போகிறானாம் ஜோயல். சாலமன் தன் டிராக்டரின் பானெட்டைப் பற்றி இதுவரை இவ்வளவு கர்வமாகப் பேசி யாரும் கேட்டதில்லையாம்.

கிளம்பும்போது எல்லோரும் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ஆனாலும் எல்லோர் கண்ணிலும் ஒரு சின்னச் சந்தேகம் இருந்தது, பேட்டரிக்காரி என்று. பரவாயில்லை. இரண்டு குடும்பம் ஒன்று சேர ஒரு பொது எதிரி தேவைப்படுகிறது, அது நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன். ஜோயல்கூட வாசலில் நின்ற என் பழைய காரின் பானெட்டை ஆசையாகத் தட்டி, “இன்னும் ரொம்ப நாளு ஓடும் மேடம், வித்துடாதீங்க” என்றான். நான் சிரித்து மழுப்பினேன்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். நான் எலெக்ட்ரிக் கார் புக் பண்ணிவிட்டேன். கல்யாணம் நடக்கிற அதே மாதம்தான் வண்டி கைக்கு வருகிறது. அதை பொன்னேரியிலேயே பூட்டி வைத்துவிட்டு, கல்யாணத்துக்கு பஸ்ஸில்தான் போகப்போகிறேன்.