சிவப்புக் கவுனைத் தேடிய அண்ணாச்சி

வெயிலுமுத்து அண்ணாச்சி தாராவியில் ஜெயினுலாப்தீன் பாயின் தோல் கிடங்கில் தரம் பிரிக்கிறவர். தோலை ஒரு தடவை விரித்துப் பார்த்தால் போதும், ஊசிமுனை அளவு பூச்சித்துளைகூட அவர் கண்ணுக்குத் தப்பாது. தோல் என்ன நிறம் என்று கேட்டால் மட்டும் முழிப்பார். ஓட்டை இருக்கா இல்லையா, அதுதான் தன் சோலி என்று பெருமை வேறு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில், மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அவருடைய இளைய மகள் இசக்கி காணாமல் போனாள். மூன்று வயது. வாசலில் விளையாடிக்கொண்டிருந்தவளை மழை கொட்டி ஓய்ந்த பிறகு காணவில்லை. சிவப்புக் கவுன் போட்டிருந்தாள் என்று அவள் அம்மா பிச்சம்மாள் சொன்னதுதான் தாமதம், பக்கத்து வீட்டிலிருந்த நானும் சேர, சந்தே கிளம்பிவிட்டது. சிவப்பாகத் தெரிந்ததையெல்லாம் துரத்தினோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் ஒரு தபால்பெட்டியைப் பார்த்து ஓடினேன்.

குயவர் தெருவில் இன்னும் சுடாத பச்சைப் பானைகளைச் சாக்கால் மூடிக்கொண்டிருந்த ஒருவரிடம், லால் ஃப்ராக் போட்ட பிள்ளையைப் பார்த்தாரா என்று அண்ணாச்சி இந்தியில் கேட்டார். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டினார். ரயில்பாதை பக்கமும் போய்ப் பார்த்தோம். அங்கே நிற்கவே எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டாம் சுற்றில் மூத்தவள் ஆறுமுகத்தாயும் எங்களோடு ஒட்டிக்கொண்டாள். ஆறு வயது. நனைந்த நாய், நொண்டி ஆடு, உடைந்த சட்டி என்று எல்லாவற்றையும் நின்று நின்று பார்த்தாள். வேடிக்கை பார்க்கிற நேரமா இது என்று அண்ணாச்சி கையைப் பிடித்து இழுத்தார். குயவர் தெருவை நாங்கள் பாதி தாண்டியபோது அவள் அந்தக் கையை உதறினாள்.

"எப்பா, இசக்கி ரொட்டி திங்கா."

முன்பு விசாரித்த அதே குயவரின் வீட்டு வாசலில் ஐந்து பிள்ளைகள் உட்கார்ந்திருந்தன. அதில் ஒன்று இசக்கி. முழங்காலுக்குக் கீழே தொங்கும் காக்கிச் சட்டை. மழையில் அழுதுகொண்டு நின்றவளை அந்த வீட்டுக்காரி கூட்டிவந்து, துவட்டி, தன் மகன் சட்டையை மாட்டியிருக்கிறாள். பானைகளோடு மல்லாடிய புருஷனுக்கு விஷயமே தெரியாது. கவுன் உள்ளே கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. முதல் சுற்றிலும் அதே வாசலைத் தாண்டித்தான் போயிருந்தோம்.

அண்ணாச்சி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏட்டி, நீ எப்படிட்டி பாத்த?"

"இங்கதானப்பா இருந்தா," என்றாள் ஆறுமுகத்தாய். அவளுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

"நான் கவுனைல்லா தேடிக்கிட்டு அலைஞ்சேன்," என்று அவர் அழுதார்.

பிறகு ரொட்டியும் கையுமாக இருந்தவளை மடியில் போட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல் முகத்தைப் பார்த்தார். இசக்கியின் காதோரம் ஒரு மச்சம் இருப்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.