பொட்டு ஏறிய சுவர்

வலிக்கிற இடத்தை இன்னும் கொஞ்சம் வலிக்க வைத்துவிட்டு, அதற்கு நன்றியும் எதிர்பார்க்கிற தொழில் பிசியோதெரபி. தினமும் ஐந்து நிமிடம் செய்யுங்கள் என்று நாங்கள் சொல்வதும், தலையாட்டிவிட்டு மூன்றாம் நாளே நீங்கள் விட்டுவிடுவதும் நமக்குள் இருக்கிற பழைய ஏற்பாடு. உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் தோளிலும் ஒரு பிடிப்பு இருக்கிறது. அதற்கான பயிற்சியை நானும் செய்வதில்லை. பிறகு எந்த நம்பிக்கையில் ஊருக்குச் சொல்கிறேன் என்று காரைக்குடி டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து பல நாள் யோசித்திருக்கிறேன்.

கோடு

லெட்சுமணன் அண்ணனுக்கு வலது தோள் இறுகிப்போய், கை நெஞ்சுக்கு மேல் எழவில்லை. பங்குனி உத்திரத்துக்கு வருஷம் தவறாமல் குன்றக்குடிக்குக் காவடி எடுப்பவர். காவடியைப் பிடிக்க அந்தக் கைதான் வேண்டும். "இந்த வருஷம் விட்டுப்போச்சுன்னா நான் மனுசனே இல்ல டாக்டரு" என்றார்.

வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுத்தேன். காலையில் காபி வருவதற்குள், சுவரில் விரல்களை நடக்கவிட்டு மேலே ஏற வேண்டும். எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. மறுநாள் அதற்கு ஒரு நூல் மேலே. ஆனால் அது முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி, கண்ணாடி மாதிரி இழைத்த சுவர். அவர் மனைவி சிகப்பி ஆச்சி என் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு, ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டையை நீட்டினார். "கோடு போடணும்னா ஒங்க கிளினிக் சுவத்துல போட்டுக்கங்க தம்பி. இங்க இதை ஒட்டச் சொல்லுங்க."

மணை

சில வாரம் கழித்துப் போனேன். பொட்டுகள் வரிசையாக ஏறி அவர் தலையைத் தாண்டியிருந்தன. தொழில்மேல் எனக்கு நம்பிக்கை வந்த ஒரே காலை அது. காபி வந்தது, இடது கையால் வாங்கினார். வலது கையைத் தூக்கச் சொன்னேன். நெஞ்சோடு நின்றது. சுவரோரம், உட்கார்ந்து சாப்பிடும் மணைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் சொன்னார்: "விரல் எங்க எட்டணும்னுதானே சொன்னீக. காலு எங்க நிக்கணும்னு சொல்லலையே."

வேண்டுதல்

மாசி பிறந்துவிட்டது. மறுபடி போனால், உச்சிப் பொட்டின்மேல் சந்தனத்தில் ஒட்டிய மல்லிகைப் பூ, கீழே விளக்கு. விருந்துக்கு வந்த உறவுக்காரர்கள் பொட்டு வரிசையைப் பார்த்து ஏதோ வேண்டுதல் என்று கும்பிட்டிருக்கிறார்கள். அவர்களில் நெட்டையான ஒருவர் பூவும் வைத்துவிட்டார். பென்சிலுக்கு இடம் தராத ஆச்சி, சந்தனத்துக்கு மறுப்புச் சொல்லவில்லை. பயிற்சி என்ன ஆயிற்று என்று அண்ணனைக் கேட்டேன். "சாமி இருக்கிற சுவத்துல விரலை வச்சு ஏறச் சொல்றீகளே, நல்லாவா இருக்கு?"

பூ

சாமி என்றானபின் தினமும் பூ வைக்க வேண்டுமே. ஆச்சி குள்ளம், வேலை அண்ணனுக்கு வந்தது. இடது கை ஆகாது. சாமி முன்னால் மணைமேல் ஏறுவதும் ஆகாது. பொய்யாக ஒட்டிய பொட்டுகளை நோக்கி நிஜமான கை ஏறியது. நெஞ்சளவில் இருந்த பொட்டில் ஆரம்பித்தார். பின்னால் நின்று ஆச்சி, "இன்னும் கொஞ்சம் மேல, இன்னும் கொஞ்சம்" என்பாராம், காபி ஆறும்வரை.

உத்திரத்தன்று குன்றக்குடி அடிவாரத்தில் அவரைப் பார்த்தேன். தோளில் காவடி, அதைப் பிடித்தபடி வலது கை. என்னைக் கண்டதும் நின்றார். "பாத்தீகளா டாக்டரு, ஒங்க எக்சர்சைஸை விட்டதும் கை தன்னால வந்துருச்சு."

ஐந்து நிமிடப் பயிற்சிக்கு நேரமில்லாத நான், இப்போது தினமும் காலையில் அந்த வீட்டுக்குப் போய் ஒரு பூ வைத்துவிட்டு வருகிறேன். உச்சிப் பொட்டு இன்னும் எட்டவில்லை.